புளியமரத்தடியில் பாதி ஏந்திரம்

இருபத்தொரு வயசில் நினைவுக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசகசாலைக் கூட்டத்தில், விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் சின்னச் சந்தையை ஆதரிப்பது என்று தீர்மானம் போட்டோமே, அப்போது முதலில் கை தூக்கியவள் நான்தான். "முதல் வேலையா, வர்ற ஞாயித்துக்கெழமை எல்லாரும் வெளக்குமாறு எடுத்துக்கினு போயி சந்தைய சுத்தம் பண்றோம்" என்று காரியதரிசி சொன்னதும், தூக்கிய கை தானாக இறங்கிவிட்டது. "இன்னா, கை வலிக்குதா?" என்று கேலி செய்தீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசித்தால் தெளியும் என்பார்கள், எனக்கு இன்னும் கலங்கித்தான் போயிற்று. சரி, எழுதித்தான் பார்ப்போமே.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷத்து ஐப்பசி அது. எனக்குப் பத்து வயசு. அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா, தம்பியைப் பெறுவதற்காகக் கோலியனூரில் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியும், குழம்பு கூட்டத் தெரியும். கறிகாய் வாங்க மட்டும் தெரியாது. பேரம் பேசவேண்டிய இடத்தில் பிரசங்கம் செய்வார். ஆகவே அந்த மூன்று மாதமும் சந்தைக் கூடை என் கைக்கு வந்தது. எனக்கு ஒரே பெருமை!

எங்கள் தெருவிலிருந்து நாலு எட்டு நடந்தால் சந்தை. பெரிய சந்தை அல்ல. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு மேட்டில், செவ்வாயும் சனியும் மத்தியானத்துக்கு மேல் கூடி, விளக்கு வைப்பதற்குள் கலைந்துவிடும். கூரை கிடையாது. ஒரே ஒரு புளியமரம். கீழ்ப்பக்கம் ஒரு வாய்க்கால். அப்போதுதான் பிடுங்கிய மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், மண்வாசனையும் மரக்காணத்துக் கருவாட்டின் நெடியும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். நனைந்த சாக்கின் வாசனை எனக்குப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அந்தச் சந்தையில் கல்தான் இடம். விற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கல் உண்டு. சந்தை இல்லாத நாளில் போய்ப் பார்த்தால் வெறும் மேட்டில் கற்களாகக் கிடக்கும்: ஒரு செங்கல், ஒரு தேய்ந்த அம்மிக்குழவி, உடைந்த படிக்கட்டுத் துண்டு, சுண்ணாம்பு ஒட்டிய பழைய சுவர்க்கட்டி. தெரியாதவர் கண்ணுக்கு அது இடிந்த வீடு போலத்தான் இருக்கும். தெரிந்தவருக்கு, இது வெல்லக்காரர், அது வெங்காயம், இது வளையல்காரர் என்று ஆள்கள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எவரும் எவர் கல்லையும் நகர்த்தமாட்டார்கள். ஒருத்தர் நாலு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் அவர் கல்லைச் சுற்றி ஒரு சாக்களவு இடம் காலியாகவே இருக்கும்.

மரத்தடியில் கிடந்தது பாதி ஏந்திரம். கேப்பை அரைக்கிற கல், நட்டநடுவில் உடைந்தது. அரைநிலா வடிவம், நேர்ப்பக்கத்தில் குழியில் பாதி, விரல் பட்டுப்பட்டு வழவழப்பாகிப்போன வளைவு. அது கீரைக்கார அம்மாளுடையது.

'அம்மாள்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எங்கள் தெருவில் "ஏ, கீர!" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சேரியிலிருந்து வருபவர். எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலேயே போய் எதிரில் நின்றுவிடுவேன்.

"இன்னா பாப்பா, இன்னிக்கும் மொளக்கீரைய காட்டி சிறுகீரைன்னு சொல்லப் போறியா?"

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப இது இன்னா?"

உற்றுப் பார்த்து, "தண்டங்கீரை" என்பேன்.

"கிழிஞ்சுது போ! உங்கப்பாரு புஸ்தகத்துல கீரையே மொளைக்கலியா?"

பக்கத்தில் கத்தரிக்காய் விற்கும் அம்மாள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். பெரிய உடம்பு, பெரிய குரல். சொந்த நிலத்துக் காய். "உட்றி பாப்பாவ. எங்கிட்ட வந்தா கத்திரிக்காய பாவக்காய்ன்னு கேக்குது அது" என்பார். இரண்டு பேரும் அப்படிச் சிரித்துப் பேசிக்கொள்வதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கத்தரிக்காய் அம்மாள் வெற்றிலையில் பாதி கிள்ளி இவருக்கும் தருவார். கையில் தரமாட்டார், சாக்கின்மேல் போடுவார். அதையும் பார்த்திருக்கிறேன். அந்த வயசில் வெற்றிலைதான் கண்ணில் பட்டது, போட்ட விதம் படவில்லை.

தரை ஈரமாக இருக்கும் நாளில் கீரைக்கார அம்மாள் தன் கல்லை எனக்கு விடுவார். "குந்து பாப்பா, பாவாட நனையுது." பாதி ஏந்திரத்தின்மேல் உட்கார்ந்து, அவர் கீரைக்கட்டுகள்மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மரநிழல்தான் அவர் வியாபாரத்துக்கு முதல். வயல் கூலி முடிந்து, கீரை பறித்து, கடைசியாகத்தான் சந்தைக்கு வந்து சேருவார். ஆனால் நிழலில் சாயங்காலம்வரைக்கும் கட்டு வாடாது. வாய்க்காலுக்கு அந்தாண்டை அவர் தெருக்காரர்கள் நாலைந்து பேர் வெயிலில் முறமும் துடைப்பமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முறம் வாடாது. கீரை வாடும்.

இனி அப்பா.

அந்த வருஷம் பஜார்த் தெருவில் தகரக் கொட்டகை போட்டுப் புதுக் காய்கறிக் கடைகள் வந்தன. ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். "ஏரிக்கரைச் சந்தையா? சேறு, சாணி, ஒரே பேஜாரு" என்றார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கதர்ச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வகுப்பில் பேசினார்: "ஏழைங்க வெச்சி நடத்துற சந்தை. நாம காப்பாத்தலன்னா யாரு காப்பாத்துவா?" எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீங்கள் தீர்மானம் வாசித்தபோதும் அப்படித்தான் இருந்தது. அதே கூச்செறிவுதான்!

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது பிள்ளைகள் விளக்குமாறும் கூடையுமாகப் போனோம். சாணி அள்ளினோம். சருகு கூட்டினோம். அழுகிய தக்காளியை ஏரிக்கரையில் குழிதோண்டிப் புதைத்தோம். அப்புறம் அப்பா மேட்டில் ஏறி நின்று பார்த்தார். "இந்தக் கல்லெல்லாம் எதுக்கு இங்க கெடக்குது? எடுங்க. பக்கத்துல ரோடு போடறாங்க, அதுக்காவது ஆவட்டும்" என்றார்.

பக்கத்து ரோட்டில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓலைத் தட்டி நிழலில் உட்கார்ந்து சுத்தியலால் பெண்கள் உடைப்பார்கள். அந்தக் கற்குவியலில் கொண்டுபோய்ப் போடவேண்டும். யார் அதிகம் போடுவது? பையன்கள் ஒரு கட்சி, பெண்பிள்ளைகள் ஒரு கட்சி. போட்டி என்று வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது, அது உங்களுக்கே தெரியும்.

பாதி ஏந்திரத்தை நான்தான் உருட்டினேன். தெரியாமல் அல்ல. தெரிந்துதான். உட்கார்ந்து பழகிய கல், கை வைத்ததும் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம் நின்றேன். "அப்பா, அப்ப கீரை விக்கிறவங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"எங்க வேணும்னாலும் உக்காரலாம்மா. கட்டம் போட்டு நம்பர் எழுதப் போறோம். எல்லாருக்கும் ஒரே அளவு. இன்னாரு, இனியாருன்னு இனிமே கெடயாது. மொதல்ல வர்றவங்க புடிச்ச எடத்துல உக்காரட்டும்."

எவ்வளவு நன்றாக இருந்தது கேட்க! எல்லோருக்கும் ஒரே அளவு. அந்தச் சந்தோஷத்திலேயே கல்லை உருட்டிக்கொண்டு போனேன். பிறகு சுண்ணாம்பு கரைத்துக் கட்டங்கள் போட்டோம். மரத்தடிக் கட்டத்தில் நம்பர் ஒன்றை நானே எழுதினேன், வால் வளைத்து, அழகாக. கீரைக்கார அம்மாளுக்கு என்று மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். கடைசியாக வருகிறவருக்கு முதலில் வருகிறவர்கள் எப்படி அந்தக் கட்டத்தை விட்டுவைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் கணக்கில் முதல் நான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவும் நானும் ஓடினோம். நன்றி சொல்வார்கள் என்று நினைத்தோம் போலிருக்கிறது.

மேட்டின் விளிம்பில் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் கூடை. ஒருவரும் இறக்கவில்லை. ஒருவரும் உள்ளே காலை வைக்கவில்லை. வெள்ளைக் கோடுகளையும், கோட்டுக்குள் இருந்த எழுத்துகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா ஆச்சு? ஏன் நின்னுக்கினு இருக்கீங்க?" என்றார் அப்பா.

வெல்லக்காரர் மெதுவாகச் சொன்னார்: "யாரோ கழிப்பு கழிச்சிக்கீறாங்க வாத்தியாரே. மாவுல கட்டங்கட்டி மந்திரம் எழுதிக்கீது. கல்லையெல்லாம் காணம். மிதிச்சா குடும்பத்துக்கு ஆவாது."

"கழிப்பு இல்லைங்க, நம்பரு! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"அத யாரு எழுதனது?"

"நாங்கதான்! உங்களுக்காகத்தான்!"

"எங்களுக்கா?" என்று வெல்லக்காரர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

கத்தரிக்காய் அம்மாள்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "நம்பராவது கிம்பராவது, எங்கல்லு எங்க சாமி? எம்மாமியா வெச்ச கல்லு!" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே இறங்கிக் குதிகாலால் கோட்டைத் தேய்த்து அழித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் அத்தனை பேரும் திபுதிபுவென்று உள்ளே பாய்ந்தார்கள். "ஏ, இது என் எடம்!" "உன் எடம் அதோ அங்க!" "கருவாட்ட எம் மூக்காண்ட கொண்டாந்து வெக்கற?" வெங்காயம் உருண்டு ஓடியது. வாங்க வந்தவர்கள் தாங்கள் வழக்கமாக வாங்கும் ஆளைக் காணாமல் கூடையோடு சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்பா நடுவில் நின்று, "மொதல்ல வந்தவங்க, மொதல்ல வந்தவங்க" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

கடைசியில் சந்தைக் குத்தகைக்காரர், அதாவது உட்காருகிறவர்களிடம் வரி வாங்குகிறவர், வந்து ஒரு வழி செய்தார். அவரவர் இடத்துக்குப் பக்கத்து ஆள் சாட்சி சொல்லவேண்டும். "வெல்லத்துக்கு வலப்பக்கம் வெங்காயம், ஆமாவா?" "ஆமாங்க." அப்படியே ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அரை மணியில் சந்தை பழையபடி ஆகிவிட்டது, கல் இல்லாமலேயே. அப்பாகூட நிம்மதியாக மூச்சு விட்டார்.

அப்போதுதான் கீரைக்கார அம்மாள் வந்தார், வழக்கம்போலக் கடைசியாக.

மரத்தடியில் கத்தரிக்காய் அம்மாளின் சாக்கு, மரத்தின் வேர்வரைக்கும் விரிந்திருந்தது. கீரைக்கார அம்மாள் கூடையை இறக்காமல் நின்று, தரையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"எங்கல்லு இங்க இருந்துதுங்க சாமி."

"சாட்சி யாரு?" என்றார் குத்தகைக்காரர்.

ஒரு பக்கம் மரம். மறு பக்கம் கத்தரிக்காய் அம்மாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காய்களை அடுக்கிக்கொண்டே, "எனக்கின்னாங்க தெரியும்? நாம் பாட்டுக்கு ஏவாரத்தப் பாக்கறவ" என்றார். தலை நிமிரவில்லை. வாரம் இரண்டு நாள் கூடச் சிரித்த வாய்!

"அப்புறம் இன்னா? உங்காளுங்கெல்லாம் வாய்க்காலுக்கு அந்தாண்டதான? அங்க போய்க் குந்து, போ, ஜல்தி."

கீரைக்கார அம்மாள் என்னைப் பார்த்தார். "இந்தப் பாப்பாவக் கேளுங்க சாமி. அதுக்குத் தெரியும். எங்கல்லு மேலதான் குந்தும்."

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

எல்லோர் கண்ணும் என்மேல். "கல்லுமேல் உட்கார்ந்தாயா?" என்று அப்பா கேட்பாரா, "கல் எங்கே?" என்று குத்தகைக்காரர் கேட்பாரா? கேட்டால், உருட்டியது நான் என்று சொல்லவேண்டும். எடுக்கச் சொன்னது அப்பா என்று சொல்லவேண்டும். நாற்பது பேர் முன்னால். அப்பா முகம் ஏற்கெனவே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தரையைப் பார்த்தேன். கூட்டிப் பெருக்கிய தரையில் ஒன்றும் இல்லை. கல் இருந்த பள்ளத்தைக்கூட நாங்கள் மண்போட்டு நிரவியிருந்தோம். அங்கேதான் இருந்ததா, இரண்டடி தள்ளியா? சத்தியமாக ஒரு கணம் எனக்கே தெரியாமல் போயிற்று. அது சத்தியமா, நான் செய்துகொண்ட சௌகரியமா என்று இன்றைக்குவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"தெரியல" என்றேன்.

அவர் கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனார்.

மறுநாள் ஜல்லிக் குவியலில் தேடினேன். எல்லாம் முஷ்டியளவாகியிருந்தது. "இன்னா தேடற, பொன்னா பொதச்சி வெச்சிக்கீது?" என்று கல் உடைக்கும் பெண்கள் சிரித்தார்கள். விரல் சிராய்க்கத் தேடி, ஒரு துண்டு அகப்பட்டது: எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று வளைந்திருந்தது. ஏந்திரக் குழியின் வளைவு. அதைக் கண்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம், ஒருவரும் வருவதற்கு முன்னால், மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். கத்தரிக்காய் அம்மாள் வந்து அதைக் கண்டு சாக்கை விரிக்காமல் நின்றார். குத்தகைக்காரர் வந்தார். அப்பாவும் வந்தார், தன் சந்தை எப்படி நடக்கிறது என்று பார்க்க. கீரைக்கார அம்மாளை வாய்க்காலுக்கு இந்தாண்டை கூப்பிட்டார்கள்.

குத்தகைக்காரர் துண்டைக் கையில் எடுத்துக் காட்டினார். "இதா உங்கல்லு? நல்லா பாத்து சொல்லு. உன்னுதுதான்னா சொல்லு, எவன் ஒடச்சான், எவன் கொண்டாந்து வெச்சான்னு இப்பவே தெரிஞ்சாவணும். தோல உரிச்சுடறேன்."

கீரைக்கார அம்மாள் அந்த வளைவைப் பார்த்தார். நிச்சயம் பார்த்தார், கட்டைவிரல் தன்னால் அந்தப் பக்கம் நீண்டு, தொடாமல் நின்றது. பிறகு என் கையைப் பார்த்தார். சிராய்ப்பெல்லாம் அப்படியே இருந்தது. கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தேன்.

"இது எங்கல்லு இல்லீங்க சாமி" என்றார்.

"பாத்தியா?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார். உண்மையாகவே அவருக்கு மகிழ்ச்சி. "அவங்களே சொல்லிட்டாங்க. ஒரு தகராறும் இல்ல."

குத்தகைக்காரர் துண்டை விட்டெறிந்தார். கத்தரிக்காய் அம்மாள் சாக்கை விரித்தார்.

தம்பியோடு அம்மா தை மாசம் திரும்பி வந்தாள். முதல் சந்தைக்குப் போனவள் வெறுங்கூடையோடு வந்து, "கீரக்காரி ஏன் வாய்க்காலுக்கு அந்தாண்ட வெயில்ல குந்திக்கினு இருக்கா? கட்டெல்லாம் வதங்கிக் கெடக்குது. அந்தாண்ட ஒரு ஈ காக்கா போவல" என்று கேட்டாள். நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அம்மா சொன்னாள்: நான் பிறந்த வருஷம் ஊரில் வாந்திபேதி. சந்தைக்கு ஒரு ஜீவன் வரவில்லை. கீரைக்கார அம்மாள் மட்டும் வந்தாராம். பிள்ளைத்தாய்ச்சிகளும் பிள்ளை பெற்றவர்களும் என்ன தின்பார்கள் என்று, ஆளில்லாத மேட்டில் தனியாக மரத்தடியில் உட்கார்ந்தாராம். அப்போதிருந்த குத்தகைக்காரர்தான், "இனிமே இது உன் எடம், கல்லக் கொண்டாந்து போடு" என்று சொன்னவர். அவர் செத்துப்போய்விட்டார். எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. கல் ஒன்றுதான்.

"நான் ஊர்ல இருந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா. சொல்லியிருப்பாளா? நாற்பது பேர் முன்னால், புருஷனுக்கு எதிரில்? தெரியவில்லை. அப்பா அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் எப்போதோ எழுதி முடித்திருப்பேன்.

மாசிக்கு அப்புறம் கீரைக்கார அம்மாள் சந்தைக்கு வரவில்லை. எங்கே போனார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னார்? என்னைக் காப்பாற்றவா? அல்லது, எலுமிச்சம்பழம் அளவு கல்லைக் கொடுத்து எல்லாம் சரியென்று ஆக்கப் பார்த்தேனே, அதை வாங்கமாட்டேன் என்பதற்கா? ஒருநாள் முதலாவதுதான் என்று தோன்றும். மறுநாள் இரண்டாவது.

நேற்று வியாழக்கிழமை, ஸ்டேஷனுக்குப் பின்னால் நம் சந்தைக்குப் போனேன். அதுவும் செவ்வாய்க்கிழமைச் சந்தைதான், நேற்று கூட்டம் இல்லை. குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். சேறும்தான். ஆனால் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தலைகீழாக மண்ணில் புதைத்த ஒரு சோடாப்புட்டி, அடிப்பாகம் மட்டும் மேலே. ஒரு கிழிந்த ரப்பர்ச் செருப்பு, ஆணியடித்து. ரயில் தண்டவாளத்துக் கருங்கல் மூன்று, முக்கோணமாக. இவை குப்பையா? பெருக்கிவிடலாமா? மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "இன்னாம்மா தேடற?" என்றார். அன்றைக்கு ஜல்லிக் குவியலில் கேட்ட அதே கேள்வி.

குத்தகைக்காரர் விட்டெறிந்த துண்டை அன்றே பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதோ, நம் தீர்மானக் காகிதம் பறக்காமலிருக்க அந்தத் துண்டைத்தான் மேலே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவேன். விளக்குமாற்றை நீங்கள் கொண்டுவாருங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை சந்தை கூடுகிறவரைக்கும் தரையில் வைக்காதீர்கள். யார் எங்கே வந்து உட்காருகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம். கடைசியாக வருகிறவர் வரும்வரைக்கும் நிற்போம். அப்புறம் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது. இந்த முறை, 'தெரியல' என்று நான் சொல்வதை மட்டும் நீங்கள் நம்பலாம்.